கை தூக்கும் இடம் வரை

உட்காருங்கள் சார், காலி இடம்தான். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். மதுரை வரைக்குமா? நல்லது. நானும் மதுரைதான். அங்கிருந்து மேலூருக்கு வேறு பஸ் மாற வேண்டும். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வருவது என்னால் ஆகாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், முதுகை இப்படி வளைக்காதீர்கள். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். தோளை விரியுங்கள். அப்படி. இப்போது மூச்சு இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா? தெரியும். முப்பத்து நாலு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். சேவுகப்பெருமாள் மாஸ்டர் என்றால் மேலூர்ப் பக்கம் இன்றைக்கும் நாலு பேர் நிமிர்ந்து நிற்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பேரன் எடுத்த ஆள்கூட எழுந்து நிற்பான்.

என் மனைவியைப் பார்த்துவிட்டு வருகிறேன். மானாமதுரையில், அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். இன்றைக்குக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் முதல் பஸ்ஸில் போனேன். வரவில்லை.

சண்டை எல்லாம் கிடையாது. அப்படி நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கெடுத்துவிட்டார்கள்.

போன ஆடியில் ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு எனக்குத் தட்டு வந்துவிடும். முப்பத்தாறு வருஷமாக ஏழு என்றால் ஏழு. அன்றைக்கு ஏழு ஐந்து ஆகிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். தோசைக்கல் புகைகிறது. கையில் கரண்டி. மாவு சொட்டுச் சொட்டாகக் காலில் விழுகிறது. 'சௌந்தரம்' என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். ம்ஹும். அடுப்பை அணைத்தேன். கரண்டியை வாங்க முடியவில்லை, அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊட்டினால் சாப்பிடுவாள். உட்கார வைத்தால் உட்காருவாள். நிற்க வைத்தால் நிற்பாள்.

முன்னாலேயே ஏதாவது தெரிந்ததா என்று எல்லா டாக்டரும் கேட்டார்கள். என்ன தெரியும்? நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்சம் பேச்சு குறைந்திருந்தது. அது நல்லதுதானே? ஒரு வீட்டில் ஒருவர் பேசினால் போதாதா? ஒரு பையன், மஸ்கட்டில் இருக்கிறான். அவனும் நன்றாக நிமிர்ந்து நடப்பான். பேசுவதுதான் குறைவு. அம்மா மாதிரி.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் அவள் மேல் கை வைத்தது கிடையாது. ஒரு அடி கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆறு மாதம் மேலூரிலேயே காட்டினேன். சரிப்படவில்லை. மதுரைக்கு வெளியே ஒரு மனநல ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே சேர்த்தோம். பெண்கள் வார்டு, அதனால் ராத்திரிக்கு அவள் தங்கை கலாவதி கூட இருப்பாள். பகலில் நான். மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. மாத்திரையில் தூங்கினாள், முகத்தில் கொஞ்சம் களை வந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு வகுப்பு வைத்தார்கள் பாருங்கள், அதுதான்.

'அசைவுப் பயிற்சி' என்று கதவில் ஒட்டியிருந்தது. அசைவு! முப்பத்து நாலு வருஷம் நான் வேறு என்ன செய்தேன்? ஆசையாகத்தான் போய் வாசலில் நின்றேன். பெரிய ஹால். தரையில் நீலப் பாய்கள். பதினோரு பெண்கள். பெனிட்டா என்று ஒரு தூத்துக்குடிப் பெண், முப்பது வயது இருக்கும், அதுதான் வகுப்பு எடுக்கிறது. விசில் கிடையாது, எண்ணிக்கை கிடையாது. "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. உங்க இடது குதிகால் தரையத் தொடுதா? அந்த இடத்த மட்டும் கவனிங்க" என்கிறது. ஐந்து நிமிஷம் இடது குதிகால். ஐந்து நிமிஷம் வலது குதிகால். பிறகு படுக்கச் சொல்லி, முதுகில் எந்த இடம் பாயில் படுகிறது, எந்த இடம் படவில்லை என்று பார்க்கச் சொல்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒருத்திக்கும் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

வகுப்பு முடிந்ததும் கேட்டே விட்டேன். "இதுல உடம்புக்கு என்னம்மா பயிற்சி?"

"உடம்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுதான் சார் பயிற்சி."

"இருக்குன்னு தெரியாமலா இத்தன வருஷம் சோறு ஆக்கிப் போட்டா?"

"தெரியாமலும் ஆக்கலாம் சார்" என்றது. சிரிக்காமல் சொன்னது. அப்புறம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி. "வீட்ல அம்மா எங்க உக்காருவாங்க?"

என்ன கேள்வி இது? வீட்டில் அவளுக்கு உட்கார ஏது நேரம்? அதையே சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டது. எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

சௌந்தரம் நல்ல உயரம் சார். கல்யாணம் ஆகி வந்தபோது கூன் போட்டு நடப்பாள். உயரமான பெண்கள் அப்படித்தான், தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி முதுகு போய்விடும். முதல் மாதமே நான் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டேன். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் சுவரோடு நிற்க வேண்டும். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும். கையில் கடிகாரத்தோடு நான் எதிரில் நிற்பேன். முதல் வாரம் அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. அதற்கப்புறம் அவள் கூன் போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் அவள் நடந்து வந்தால், 'மாஸ்டர் சம்சாரம்' என்று அந்த நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு சம்பவம் நடந்தது. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அந்தப் பதினோரு பேரையும் ஹாலில் நடக்க விட்டிருந்தது அந்தப் பெண். அவரவர் இஷ்டம். ஒருத்தி வேகமாகப் போகிறாள், ஒருத்தி ஆமை மாதிரி, ஒருத்தி பின்பக்கமாக நடக்கிறாள். வரிசை இல்லை, இடைவெளி இல்லை. இரண்டு பேர் முட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். சௌந்தரம் நடுவில் கையைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு போகிறாள். பாட்டுப் பெட்டி நின்றுவிட்டது என்று பெனிட்டா அதைச் சரிசெய்யத் திரும்பியது. எனக்குத் தாங்கவில்லை. என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அட்டென்ஷன்!"

நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். பதினோரு பேரும் ஒரே சத்தத்தில் குதிகாலைச் சேர்த்தார்கள். தன் பெயரே தெரியாத ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், அவள்கூடச் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு விறைத்து நிற்கிறாள். எந்தக் காலத்துப் பள்ளிக்கூடமோ, எந்த ஊர் மாஸ்டரோ. உடம்பில் இருக்கிறது பாருங்கள். மருந்து, மாத்திரை, மூளைக் கோளாறு எல்லாவற்றையும் தாண்டி அது அங்கே இருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உடனே "ஸ்டேண்டட்டீஸ்" என்றேன். பத்து பேரும் தளர்ந்தார்கள். ஒருத்தி எனக்கு சல்யூட் வைத்தாள். எல்லோரும் சிரிப்பு. சௌந்தரம் மட்டும் தளரவில்லை.

மறுபடி சொன்னேன். மெதுவாகவும் சொல்லிப் பார்த்தேன். அப்படியே நிற்கிறாள். கைவிரல் தொடையில் ஒட்டியிருக்கிறது. கண் நேராகச் சுவரைப் பார்க்கிறது. பெனிட்டா ஓடி வந்தது. திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சௌந்தரத்தின் காலடியில், தரையில் உட்கார்ந்துகொண்டது. தொடவில்லை, பேசவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டு மணி அடித்தது, மற்றவர்கள் போனார்கள். சேலை நனைந்துவிட்டது அவளுக்கு. அப்போதும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. ஒன்று பத்துக்குச் சௌந்தரம் உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். இவ்வளவுதான். இந்த அளவு. பெனிட்டா என்னவோ மாநிலக் கோப்பை வாங்கிய மாதிரி முகத்தை மூடிக்கொண்டது.

ஒரு மணி நாற்பது நிமிஷம் சார். நான் தயார்செய்த எந்தப் பையனும் அப்படி நின்றதில்லை.

அதோடு எனக்கு உள்ளே அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் ஜன்னல் தெரியும். அவள் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளுவதைப் பார்த்தேன். நாள்கணக்காக அதே வேலை. ஆஸ்பத்திரிச் சுவர், அதைப் போய்த் தள்ளுகிறாள். "இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் பக்கத்திலிருந்து சொல்கிறது. ஒரு நாள் தள்ளும்போது சௌந்தரத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பாரம் தூக்குகிறவர்கள் போடுவார்களே, அந்த மாதிரி. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏழாவது வாரம், வீட்டு ஆட்களையும் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. பெனிட்டா விளக்கியது. "சார், நீங்க அந்தக் கதவுகிட்ட நில்லுங்க. அம்மா இந்தச் சுவர்கிட்ட நிப்பாங்க. நீங்க மெதுவா அவங்களப் பாத்து நடந்து வாங்க. அவங்க கை தூக்குற இடத்துல நின்னுடணும். அவ்வளவுதான்."

"நின்னுட்டு?"

"நிக்கணும் சார். வேற ஒண்ணும் இல்ல."

எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். அம்மா நடந்து நடந்து பக்கத்திலேயே வந்துவிட்டாள், மகள் கையே தூக்கவில்லை, கட்டிக்கொண்டார்கள். அடுத்தது ஒரு அண்ணன். அவன் தங்கை மூன்றடி தூரத்தில் கை தூக்கினாள். சரி, இது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்தேன்.

நான் இரண்டு எட்டு வைத்தேன். சௌந்தரம் கையைத் தூக்கிவிட்டாள்.

ஹால் முழுக்க டைல்ஸ். நான் எண்ணிப் பார்த்தேன், நடுவில் இருபத்திரண்டு டைல்ஸ் இருந்தது. பயிற்சி அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? கிட்டே வரட்டும், சரியான இடத்தில் தூக்கட்டும் என்று இன்னும் நாலு எட்டு வைத்தேன்.

"நில்லுங்க."

சௌந்தரம்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. டாக்டரிடம் இல்லை, பெனிட்டாவிடம் இல்லை, கூடப் படுத்துக் கிடந்த தங்கையிடம்கூட இல்லை. என்னிடம்தான் பேசினாள். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் கை மெல்ல இறங்கியது. சரி, வரச் சொல்கிறாள் என்று ஒரு எட்டு வைத்தேன். கை மறுபடி மேலே போய்விட்டது. நான் பின்னால் போனேன். கை இறங்கியது. அப்போது சிரித்தாள் சார். வாயைப் பொத்தாமல், பல் தெரிய. நான் நகர்ந்தால் கை தூக்குகிறாள், நின்றால் இறக்குகிறாள், சிரிக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய் வேறு என்னவோ வந்தது. அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

பிறகு மளமளவென்று தேறிவிட்டாள். பேச்சு வந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் என்னை வைத்துக்கொண்டே அவளிடம் கேட்கிறார், "எங்க போகணும் உங்களுக்கு?" என்று. இது கேட்கிற கேள்வியா? வீட்டுக்குப் போகிற நோயாளியிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்பார்களா? "கலா வீட்டுக்கு" என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுதிவிட்டார்.

ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள் என்று விட்டுவிட்டேன். இது பதினோராவது ஞாயிற்றுக்கிழமை.

அவள் தங்கை வீட்டைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கலாவதிக்குப் புருஷன் இல்லை. வீட்டு முன்பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கே பார்த்தாலும் துணி. ஒரு நேரம் காலம் கிடையாது. நான் இன்றைக்கு எட்டரைக்குப் போய் நிற்கிறேன். "வாங்க அத்தான். அக்கா இன்னும் எந்திரிக்கல, ஒக்காருங்க" என்கிறாள்.

"எட்டர மணிக்கா?"

"ஒங்களுக்கு எட்டர. அவளுக்கு இப்பத்தான் விடியுது" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கு எப்போதுமே வாய் நீளம்.

ஒன்பதுக்குச் சௌந்தரம் எழுந்து வந்தாள். தலை பின்னவில்லை. வந்து வெட்டுத் துணிக் குவியலில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தோள் தொங்குகிறது. முதுகு வளைந்திருக்கிறது. நான் மாதக்கணக்கில் நிமிர்த்திய முதுகு சார். வாய் தவறி வந்துவிட்டது, "நிமிந்து உக்காரு சௌந்தரம்."

தன் தோளைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டாள். யாருடையதோ என்கிற மாதிரி. "இப்படித்தான் நல்லா இருக்கு" என்றாள்.

நான் வேறு விஷயத்துக்கு வந்திருந்தேன். அந்த பெனிட்டா கேட்டதே, எங்கே உட்காருவாள் என்று. அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டேன். கை வைத்தது. அதைத்தான் சொன்னேன். "ஒனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கேன்."

முகம் மாறியது. நிஜமாகவே மாறியது. "எங்க போட்டிருக்கீங்க?"

"ஹால்ல. என் நாற்காலிக்கு எதிர்த்தாப்புல."

"அத ஜன்னல் பக்கமாத் திருப்பிப் போடுங்க" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. "போட்டுடலாம். எப்ப வர்ற?"

"நான் வரலங்க. நாற்காலி அங்க இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன்."

"இப்ப வரல, சரி. எப்ப?"

"வரலங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வழி தெரியும். அழுதிருந்தாலும் தெரியும். மழை வரவில்லை என்று சொல்வது மாதிரிச் சொல்கிறாள். கலாவதி மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்புறம் சொன்னாள், "வாராவாரம் வராதீங்க. மாசத்துக்கு ஒரு நாள் வாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க."

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ?"

"மாசத்துக்கு ஒரு நாள்" என்றாள்.

சாப்பாடு போட்டார்கள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். சௌந்தரம் எனக்கு எதிரில். ரசத்தைச் சோற்றில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து, ஒவ்வொரு உருண்டையாக எடுத்து, நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுகிறாள். அவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறவள் என்று எனக்குத் தெரியாது சார். முப்பத்தாறு வருஷத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் முடித்துக் கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். அவள் இன்னும் பாதிகூட முடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா கெளம்புங்க" என்றாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி மேல் ஒரு மனு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். என்ன எழுதுவது என்றுதான் பிடிபடவில்லை. பேசாத மனுஷியைப் பேச வைத்துவிட்டார்கள் என்று எழுத முடியுமா? நீங்கள் ஏதாவது ஆபீஸில் இருக்கிறீர்களா? இந்த மாதிரி மனுவுக்கு என்ன தலைப்புப் போடுவார்கள்?

சரி, யோசித்துச் சொல்லுங்கள். திருப்புவனம் வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தீர்களா, மடப்புரம் காளி கோவிலுக்குப் போகிறவர்கள். மொத்த பஸ்ஸும் இறங்குகிறது. இனி மதுரை வரைக்கும் நாம் ஐந்தாறு பேர்தான்.

என்ன எழுந்துவிட்டீர்கள்? மதுரை என்றுதானே சொன்னீர்கள்? ஓ, அந்த ஜன்னலோரமா? ஆமாம், அங்கே காற்று வரும். வெயிலும் இல்லை. போங்கள், போங்கள், தாராளமாக உட்காருங்கள்.

இல்லை சார், பையைச் சும்மாதான் எடுத்தேன். நான் அங்கே வரவில்லை. இங்கேயே இருக்கிறேன்.

இங்கிருந்து பேசினால் உங்களுக்குக் கேட்கிறதா?